மூன்று பள்ளிக்கும் ஒரே மீன்

நகரத்திலேயே பெரிய அந்தக் கடையில், பணம் வாங்குகிற மேஜைகளுக்கெல்லாம் சரவிளக்கு தொங்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற மேஜைக்கு மட்டும் ஒற்றைக் குழல்விளக்கு. அதுவும் எப்போது பார்த்தாலும் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். குப்பை வண்டி வந்து நிற்கிற பின்வாசலுக்குப் பக்கத்தில், அந்தக் கண்ணடிக்கிற விளக்கின் கீழே உட்கார்ந்திருந்தவளுக்குக் கடையில் வைத்த பெயர் மோப்பக்காரி.

பெயர் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய மனிதர் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "பிரிக்கவே இல்லம்மா. வீட்டுல நிறம் பிடிக்கலையாம்" என்றார். அவள் கோட்டைத் தூக்கி, அக்குள் பக்கம் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

"ஒரு தடவை டான்ஸ் ஆடியிருக்கீங்க. ஒரு தடவை மழையில நனைஞ்சிருக்கீங்க. வீட்டுல பிடிக்காதது நிறமா, இந்த சென்ட்டா?"

கோட்டை வாரிச் சுருட்டிக்கொண்டு போனவர் அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அதிலிருந்து அவள் மூக்குக்குத் தனி மரியாதை. ஒரு தடவைகூடத் தண்ணீர் கொதிக்காத கெண்டி என்று சொல்லிக் கொடுத்தால், மூடியைத் திறந்து முகர்ந்து, அதில் கொதித்தது தேநீரா காப்பியா என்று சொல்வாள். ஒரு குடும்பம் கூடாரம் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து, "உறையைக்கூடக் கழற்றல" என்று சாதித்தபோது, உறைக்குள்ளிருந்து ஒரு அணில் இறங்கி வரிசையில் போய் நின்றதாக வாசல் காவலாளி இன்றைக்கும் சொல்வார். அணில் வரிசையில் நின்றதா, ஓடிப்போனதா என்பதில் மட்டும் அவருக்கும் அவளுக்கும் தகராறு.

அந்த மேஜையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. எதை அதிகமாகப் புகழ்கிறார்களோ, அதில்தான் கோளாறு. "கைப்பிடி ரொம்ப உறுதிங்க" என்று ஒருவர் ஆரம்பித்தால் அவள் உடனே அடியைத் திருப்பி விரிசலைத் தேடுவாள். விரிசல் இருக்கும். திருப்பி வாங்கிய பொருளின் அடியில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, நகத்தளவு பச்சைப் புள்ளி ஒன்றை ஒட்டிவிடுவாள். அதே பொருளை அலமாரியிலிருந்து எடுத்து இரண்டாம் தடவை திருப்ப வருகிற சாமர்த்தியசாலிகளைப் பிடிக்க அந்தப் புள்ளிதான் கண்ணி. பச்சைப் புள்ளிச் சுருள் அவள் மேலங்கிப் பையில் ஒன்று, கைப்பையில் ஒன்று.

அவள் கணக்கில் அடங்காதவர்களும் எப்போதாவது வருவார்கள். ஒருமுறை ஒரு பெண் குடை ஒன்றைக் கொண்டுவந்து, "ஒரு தடவை விரிச்சேன், கம்பி மடங்கிடுச்சு. காத்துல விரிச்சது என் தப்பாகூட இருக்கலாம்" என்றாள். மோப்பக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவ்வளவு நேராகப் பேசுகிறவள் எதையோ பெரிதாக மறைக்கிறாள் என்று தோன்றியது. குடையைப் பிரித்துப் பார்த்தாள், முகர்ந்தாள், கம்பி கம்பியாகத் தடவினாள். மழையும் காற்றும்தான் இருந்தன. கடைசியில் வேறு வழியில்லாமல் பணத்தைக் கொடுத்தனுப்பினாள். அதுவரை அந்தப் பெண்ணை நிற்கவைத்த நேரத்தில் பக்கத்து மேஜைக்காரி சாப்பிட்டுவிட்டே வந்துவிட்டாள்.

மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவளுக்கு, சந்தேகத்தைக் கழற்றி மாட்ட ஆணி கிடைக்கவில்லை. அது அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கே வந்தது. பழக்காரர் இனிப்பு என்றால் புளிப்பு. வைத்தியர் பயப்பட ஒன்றுமில்லை என்றால் பயப்பட நிறைய இருக்கிறது. அவள் கணவர் நகரச் சாலைகளில் வெள்ளைக்கோடு போடுகிறவர். நாள் முழுக்க நேர்க்கோடு இழுத்த மனிதர், வீட்டில் எதற்கும் சரி என்று தலையாட்டுவார். இவ்வளவு சரி சொல்கிறவரை நம்பலாமா என்று அவள் அவ்வப்போது யோசிப்பதுண்டு. ஒரே மகள். வீட்டில் கூப்பிடுவது குட்டி என்று. அளந்து பேசுகிற பிள்ளை.

குட்டி ஐந்தாம் வகுப்பை முடிக்கிற வருஷம்தான் வம்பு வந்தது.

அவர்கள் இருந்த வட்டாரத்தில் அரசாங்க நடுநிலைப் பள்ளிகள் மூன்று. ஆறாம் வகுப்புக்கு எதில் வேண்டுமானாலும் சேர்க்கலாம். பெற்றவர்கள் பிள்ளையோடு கல்வி அலுவலகத்துக்கு நேரில் வந்து, ஜன்னலில் பள்ளியின் பெயரைச் சொல்லவேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக அலுவலகம் ஒரு வழவழப்பான கையேட்டை வீடுவீடாக அனுப்பியிருந்தது. மேடான தெருவில் இருந்த மேட்டுப் பள்ளிக்கு ஐந்து நட்சத்திரம். ரயில் பாலத்துக்குக் கீழே இருந்த பாலத்தடிப் பள்ளிக்கு மூன்று. ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்த கட்டடத்தில் நடக்கிற கிடங்குப் பள்ளிக்கு இரண்டரை.

"அரை நட்சத்திரத்தை யாரு கடிச்சது?" என்றார் கணவர்.

அவள் சிரிக்கவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்த ஒரு வரியில் அவள் கண் குத்திட்டு நின்றது. ஒருமுறை தேர்ந்தெடுத்த பள்ளியை எட்டாம் வகுப்பு முடியும்வரை மாற்ற இயலாது.

நாள் முழுக்கத் திருப்பி வாங்குவதே பிழைப்பாக இருக்கிறவளுக்கு அந்த வரி நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது. ஒரு கெண்டிக்குக்கூடத் திருப்ப வழி இருக்கிறது. பிள்ளையின் மூன்று வருஷத்துக்கு இல்லை. தப்பான பள்ளியில் விட்டால், அடியைத் திருப்பிப் பார்த்து விரிசல் என்று சொல்லி எந்த மேஜையிலும் வைக்க முடியாது.

கணவரின் அக்கா கையேடு வந்த வாசனைக்கே வந்துவிட்டாள். அவள் மகன் மேட்டுப் பள்ளியில் படித்தவன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கண்ணை மூடிக்கிட்டு மேட்டுல போடு" என்றாள் நாத்தனார். "அந்த ஸ்கூல் மாதிரி உண்டா? ஒழுங்குன்னா ஒழுங்கு. சத்தம்ங்கிறதே கிடையாது. வாத்தியாருங்க எல்லாம் தங்கம்."

"அப்படிங்களா அண்ணி?"

"தங்கம்னா தங்கம்."

ஒரே மூச்சில் இரண்டு தங்கம். மோப்பக்காரியின் மூக்கு துடித்தது. "அண்ணி, அப்புறம் ஏன் உங்க பையன் ஸ்கூல் முடிச்சு அந்தத் தெருப் பக்கமே போகமாட்டேங்கிறான்? பஸ்ஸுக்குச் சுத்திக்கிட்டுப் போறானே."

"காத்து வாங்கப் போறான்" என்று நாத்தனார் பையை எடுத்துக்கொண்டாள். "உன்கிட்ட வந்து சொன்னேன் பாரு. நாளைக்குச் சூரியன் கிழக்கே உதிச்சாலும் நீ மேற்கே போய் ரெண்டு தடவை பார்த்துட்டு வருவே."

பெற்றோர் வந்து பார்ப்பதற்காக ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். முதலில் மேட்டுப் பள்ளி. விடுப்பு எடுத்துக்கொண்டு, குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். வாசலிலேயே புதுப் பெயின்ட் வாசனை. தாழ்வாரத்தில் பிள்ளைகள் நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். ஒரு செருப்புகூடச் சத்தம் போடவில்லை. யாரோ சுவரில் சத்தத்துக்கு இருக்கிற ஸ்விட்சை அணைத்துவிட்ட மாதிரி இருந்தது. எதிரில் வந்த ஒரு சிறுமியிடம், "இங்க எப்படிம்மா?" என்று கேட்டாள். "மிகவும் நன்றாக இருக்கிறது" என்றாள் அந்தப் பிள்ளை, பாடப்புத்தகத் தமிழில், கண்ணைத் தலைமையாசிரியர் மேல் வைத்துக்கொண்டு.

அறிவியல் அறையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. அதில் ஒற்றைக்கண் தங்கமீன் ஒன்று. வால் ஒரு பக்கம் கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி கிழிந்திருந்தது. தொட்டியில் சின்ன அட்டை: 'எங்கள் மாணவர்கள் வளர்ப்பது.'

"பார்த்தீங்களா, எங்க பிள்ளைங்க கைவேலை" என்றார் தலைமையாசிரியர்.

வெளியே வந்ததும் குட்டியைக் கேட்டாள். குட்டி, "ரொம்ப ரொம்ப நல்லா இருக்கும்மா. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்றாள்.

மறுநாள் பாலத்தடிப் பள்ளி. அங்கே தலைக்கு மேலே ரயில் போகும்போதெல்லாம் எல்லோரும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார்கள். வரவேற்ற ஆசிரியர், "எங்க பள்ளியில கணக்குப் பாடத்துக்கு" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடியே நின்றார். ரயில் போனது. "தனி அறை இருக்கு" என்றார். இதில் எவ்வளவு படிப்பு ரயிலேறிப் போகிறதோ என்று மோப்பக்காரி மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அறிவியல் அறைக்குள் போனவள் அப்படியே நின்றாள். மீன்தொட்டி. ஒற்றைக்கண் தங்கமீன். கிழிந்த வால். 'எங்கள் மாணவர்கள் வளர்ப்பது.'

மீன் அவளைப் பார்த்தது. அவள் மீனைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் ஏற்கெனவே தெரியும் என்பதில் சந்தேகம் இல்லை.

திரும்பி வந்த பொருளை இனம் காணத் தெரியாதவள் அந்த மேஜையில் உட்கார முடியுமா? கைப்பையைத் திறந்து பச்சைப் புள்ளி ஒன்றை உரித்தாள். ஆசிரியர் வேறு பெற்றோரிடம் பேசப் போன சமயம் பார்த்து, முட்டி போட்டு மேஜைக்கு அடியில் புகுந்து, தொட்டியின் அடிவிளிம்பில் ஒட்டினாள். தலைக்கு மேலே ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்ததால் அவள் மண்டை மேஜையில் இடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

மண்டையைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தால் குட்டியைக் காணோம். தாழ்வாரத்தில், பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு வகுப்பின் திறந்த கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பார்க்கறே?"

"ஒண்ணும் இல்லம்மா."

"இந்த ஸ்கூல் எப்படி?"

"பரவாயில்ல" என்றாள் குட்டி, செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே.

மூன்றாம் நாள் கிடங்குப் பள்ளிக்கு அவள் நடந்து போகவில்லை, கிட்டத்தட்டப் பறந்தாள். உயரமான கூரை, எட்டாத உயரத்தில் ஜன்னல்கள், பகலிலும் விளக்கு. கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்த தலைமையாசிரியை எல்லோரையும் அறிவியல் அறைக்குக் கூட்டிப் போனார். மோப்பக்காரி நேராகத் தொட்டியிடம் போய், எல்லோரும் பார்க்க அடிவிளிம்பைத் தடவினாள். விரலில் புள்ளி தட்டுப்பட்டது.

"மேடம், இந்த மீன் நேத்து எங்க இருந்துச்சு?"

அறையே திரும்பிப் பார்த்தது. இப்போது இந்த அம்மாள் திணறுவாள், கைப்பிடி உறுதி என்று ஏதாவது சொல்வாள் என்று மோப்பக்காரி காத்திருந்தாள்.

"நேத்து பாலத்தடியில. முந்தாநாள் மேட்டுல" என்றார் தலைமையாசிரியை. "மீன் எங்களுது. எங்க பிள்ளைங்கதான் வளர்க்கறாங்க. பார்வையாளர் வர்ற நாள்ல எல்லாப் பள்ளியிலயும் ஒரு தொட்டி இருக்கணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. வேனை அனுப்பித் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நமக்கு என்ன, மீனுக்குத்தான் தலைசுத்தல்."

இரண்டு பெற்றோர் சிரித்தார்கள். மோப்பக்காரி சிரிக்கவில்லை. "இதை ஏன் மேடம் என்கிட்ட சொல்றீங்க?"

"நீங்கதானே கேட்டீங்க?"

அவளுக்குக் குடைக்காரி நினைவுக்கு வந்தாள். அதே கலக்கம். இவ்வளவு சுலபமாக உண்மையைச் சொல்கிறவர்கள் எதை மறைக்கிறார்கள்? அந்த அறையின் மூலையெல்லாம் முகர்ந்தாள். ஈரக் கல், சுண்ணாம்பு, மீன் தீனி. அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை.

குட்டி இதற்குள் தொட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, மீன் போகிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது கண்ணாடியில் மூக்கின் அச்சு இருந்தது. ஆனால் வெளியே வந்து கேட்டதும், "சுத்தமா பிடிக்கலம்மா. ஒரே இருட்டு. இங்க மட்டும் வேண்டாம்" என்றாள்.

சாயங்காலம் கணவர் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து நகத்திலிருந்த வெள்ளைப் பெயின்ட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் மீன் கதையைத் தலையிலிருந்து கிழிந்த வால் வரை சொன்னாள். அவர் அவள் மண்டையில் மேஜை இடித்த இடத்தில் ஊதிவிட்டார்.

"குட்டிக்கு மேட்டுப் பள்ளி பிடிச்சிருக்காம். கிடங்கு சுத்தமா பிடிக்கலையாம்" என்று முடித்தாள்.

"அப்ப கிடங்குதான் பிடிச்சிருக்கு" என்றார் அவர். சொன்ன பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா என்னமோ இருக்கு. சொல்லுங்க."

அவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். "கோவிச்சுக்க மாட்டியே? இந்த வீட்டுல ஒண்ணு வேணும்னா அதைத் திட்டணும். வேண்டாம்னா புகழணும். அதானே நம்ம வழக்கம்."

"யாரோட வழக்கம்?"

"நீலச் சோபா எப்படி வந்துச்சுன்னு நினைக்கறே? பழுப்புச் சோபாவை நான் வாய் வலிக்கப் புகழ்ந்தேன். 'இந்த மாதிரி சோபா உலகத்துலயே இல்ல'ன்னேன். நீ உடனே அதோட காலைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்துட்டு, வேண்டாம்னுட்டே. எனக்கு ஆரம்பத்துல இருந்தே நீலம்தான்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். சோபா, ஜன்னல் திரை, குட்டியின் சைக்கிள் என்று ஒவ்வொன்றாக மனதில் எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு புகழ்ச்சி ஒட்டியிருந்தது.

"நம்ம கல்யாணம்?" என்றாள் சின்னக் குரலில்.

"அதேதான். உன்னைப் பொண்ணு பார்க்க வந்த மாடி வீட்டுப் பையன் உங்க அப்பா முன்னால தன்னைப் பத்தி மூச்சுவிடாம புகழ்ந்துக்கிட்டான். நான் என்ன சொன்னேன்? 'எனக்குக் கோடு போடறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னுகூடச் சொல்லத் தெரியாது'ன்னேன். யாரைக் கட்டிக்கிட்டே?"

அவள் யோசித்தாள். "உப்பு விஷயம் நிஜமாவே உங்களுக்குத் தெரியாதே."

"பார்த்தியா? நடுவுல நிஜமும் சொல்லியிருக்கேன்."

சிரிப்பு வந்தது. பாதியிலேயே நிறுத்தி, உள் அறைப் பக்கம் பார்த்தாள். "குட்டியும் என்கிட்ட இப்படித்தான் பேசுதா?"

"அவ என்னைவிடக் கெட்டிக்காரி" என்றார் அவர் மெதுவாக.

உள்ளே குட்டி மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். மோப்பக்காரி எதிரில் போய் உட்கார்ந்தாள். கடையில் அவள் எதிரில் எத்தனையோ பேர் நின்று பொய் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் தப்பியதில்லை. இங்கே, தன் வயிற்றில் பிறந்தது சொல்வது மெய்யா பொய்யா என்று சொல்ல அவளிடம் ஒரு வாசனையும் இல்லை.

"குட்டி, நேராச் சொல்லு. உனக்கு எந்த ஸ்கூல் வேணும்?"

குட்டி பென்சிலை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "இது என்னம்மா, சோதனையா?"

"சோதனை எல்லாம் இல்ல."

"சோதனை இல்லன்னு சொன்னா சோதனைதான்னு நீதானே சொல்லுவே?"

மோப்பக்காரி பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டு எழுந்து வந்தாள். தான் இத்தனை வருஷம் தேய்த்துத் தேய்த்துத் தீட்டிய கத்தியைத் தன் மகள் கையில் பார்த்த மாதிரி இருந்தது.

பெயர் சொல்வதற்கான கடைசி நாளன்று கல்வி அலுவலகத்தில் நல்ல கூட்டம். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வரிசையில் நின்று பழக்கமில்லாததால் அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. மனதில் மட்டும் முடிவு கெட்டியாக இருந்தது. மீன் யாருடையது, கிடங்குப் பள்ளியுடையது. நேராகப் பேசினது யார், கிடங்குப் பள்ளிக்காரர். குட்டி திட்டினது எதை, கிடங்குப் பள்ளியை. எல்லாக் கோடும் ஒரே இடத்தில் போய் முடிகிறது. இவ்வளவு அழகாக முடிகிறதே என்று உள்ளே ஒரு சின்ன அரிப்பு இருந்தது. அதைக் கண்டுகொள்ளவில்லை.

"எந்தப் பள்ளி?" என்றார் ஜன்னலுக்குள் இருந்தவர், நிமிராமல்.

அவள் வாயைத் திறந்தாள். கண் தற்செயலாகக் கீழே போனது. குட்டி தன் வலது கைக் கட்டைவிரலை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பிடியை மோப்பக்காரி பார்த்திருக்கிறாள். பொய் சொல்ல வருகிறவர்கள் கையை வீசுவார்கள், மேஜையைத் தட்டுவார்கள், காதைத் தொடுவார்கள். கட்டைவிரலைப் பிடிப்பதில்லை. குடைக்காரி பிடித்துக்கொண்டு நின்றாள். உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, இவள் நம்புவாளா மாட்டாளா என்று தெரியாமல் நிற்கிறவர்கள் பிடிக்கிற பிடி அது. பார்த்திருந்தும் இதுவரை அதைப் பற்றி அவள் யோசித்ததில்லை.

"சார், என் பொண்ணு சொல்லுவா."

"பெத்தவங்கதான் சொல்லணும்."

"அவ சொல்றதையே நான் திருப்பிச் சொல்றேன் சார்."

வரிசையில் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். குட்டி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். சந்தேகமான கோட்டு ஒன்றை மோப்பக்காரி எப்படிப் பார்ப்பாளோ அப்படி, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"எதைச் சொன்னாலும் மாத்த மாட்டியா?"

"மாட்டேன்."

"ஏன்னு கேட்க மாட்டியா?"

"கேட்பேன். வெளிய போய்க் கேட்பேன். ஆனா மாத்த மாட்டேன்."

இந்தப் பதில் பிள்ளைக்குத் திருப்தியாக இருந்திருக்கவேண்டும். கட்டைவிரலை விட்டாள். "பாலத்தடி" என்றாள்.

மோப்பக்காரிக்குத் தலைக்கு மேலே ரயில் போனது. பாலத்தடியா? புகழவும் இல்லை, திட்டவும் இல்லை. பரவாயில்லை என்று ஒரே ஒரு சொல். அதையும் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்ன சொல். எதைப் புகழ்ந்தாலும் அம்மா தட்டிவிடுவாள், எதைத் திட்டினாலும் அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று, இரண்டு பேர் கண்ணும் படாத இடமாகப் பார்த்துத் தன் ஆசையை ஒட்டிவைத்திருக்கிறது இந்தப் பிள்ளை. பச்சைப் புள்ளியை எங்கே ஒட்டுவது என்று இதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவேண்டியிருக்கவில்லை.

மூன்று நட்சத்திரம். ரயில் சத்தம். கடன் வாங்கின மீன். எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. விழுங்கினாள்.

"பாலத்தடிப் பள்ளி, சார்."

"அப்புறம் மாத்த முடியாது. தெரியும்ல?"

"தெரியும் சார். நானும் இந்த மாதிரி ஜன்னல்லதான் வேலை பார்க்கறேன்."

முத்திரை விழுந்தது.

வெளியே நடைபாதைக்கு வந்ததும், "இப்ப கேட்கலாமா?" என்றாள்.

"கேளு."

"ஏன் அது?"

"அன்னிக்கு நீ மேஜைக்கு அடியில போனப்ப நான் ஒரு கிளாஸைப் பார்த்தேன். டீச்சர் போர்டுல ஒரு கணக்குப் போட்டாங்க. ஒரு பையன் எழுந்து, 'டீச்சர், அது தப்பு'ன்னான். அவங்க கொஞ்ச நேரம் போர்டைப் பார்த்தாங்க. அப்புறம், 'ஆமா, என் தப்புதான்'னு அழிச்சுட்டாங்க. யாரும் சிரிக்கல. அவனை யாரும் திட்டல. வேற ஒரு பொண்ணு, 'எனக்கு இப்பவும் புரியல'ன்னா. அதுக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல." குட்டி நடைபாதையில் கிடந்த ஒரு கல்லைக் காலால் தள்ளிக்கொண்டே நடந்தாள். "அங்க நேராப் பேசலாம் போல."

அங்கே என்ற சொல் மோப்பக்காரிக்கு எங்கே தைக்கவேண்டுமோ அங்கே தைத்தது. ஆனாலும் பழக்கம் லேசில் விடுமா?

"அந்தப் பையனை அவங்களே ஏற்பாடு பண்ணி நிக்கவெச்சிருந்தா?"

குட்டி நடையை நிறுத்தினாள்.

"சும்மா கேட்டேன்" என்றாள் மோப்பக்காரி. "வா, பஸ் வருது."

பள்ளி திறக்கும்வரை அவளை ஒரே ஒரு நினைப்பு அரித்தது. மீனை வேனில் ஏற்றிக்கொண்டு போனவர்கள், அந்த டீச்சரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? பார்வையாளர் நாளுக்கென்று தப்பை ஒப்புக்கொள்கிற டீச்சர் ஒருத்தியை ஊர் ஊராகச் சுற்றவிட்டிருந்தால்? நாத்தனாரிடம் சொல்லிப் பார்த்தாள். "உனக்கு மருந்து குடுக்கற வயசு தாண்டிடுச்சு" என்று நாத்தனார் முடித்துக்கொண்டாள்.

திறந்த அன்று குட்டியைக் கொண்டுபோய் விட்டவள், அந்த டீச்சர் யார் என்று குட்டியைக் காட்டச் சொல்லி, போய் வணக்கம் சொன்னாள். டீச்சரின் முகம் எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. டீச்சர் வேறொரு தகப்பனாரிடம் திரும்பிய நொடியில், நாற்காலியில் இருந்த அவர் பையின் அடியில் பச்சைப் புள்ளி ஒன்றை ஒட்டினாள். இனி எந்தப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போனாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு வாரம் போனது. சாயங்காலம் குட்டி புத்தகப்பையை இறக்கிவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். நடுவில் பச்சைப் புள்ளி, ஓரம் கொஞ்சம் சுருண்டு.

"டீச்சர் உன்கிட்ட திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க."

மோப்பக்காரியின் காது சூடானது. "என்னுதுன்னு எப்படித் தெரியுமாம்?"

"உன்னைத் தெரியுமாம். ஒரு தடவை குடையைத் திருப்பிக் குடுக்க வந்தாங்களாம். நீ ரொம்ப நேரம் நிக்கவெச்சுட்டு, கடைசியில குடைக்கு அடியில இதை ஒட்டினியாம். அதைப் பார்த்துக்கிட்டே நின்னாங்களாம்."

மோப்பக்காரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "கோவமா இருந்தாங்களா?"

"சிரிச்சாங்க. 'உங்க அம்மா என்னை எங்கயாவது தேடினா, இங்கதான் இருப்பேன்னு சொல்லு'ன்னாங்க."

பச்சைப் புள்ளியைக் கையில் வாங்கிக்கொண்டாள். எத்தனையோ பேர் எத்தனையோ பொருளை அவளிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். இதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் மூக்குக்குக் கொண்டுபோனாள். சாக்பீஸ் சுண்ணாம்பு வாசனை.

"ஸ்கூல் எப்படி இருக்கு?" என்றாள்.

"பிடிச்சிருக்கு" என்றாள் குட்டி.

அவள் பிள்ளையின் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் சும்மா இருந்தது. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது பெரிய வேலையாக இருந்தது, அடுப்பில் இருந்ததை இறக்கிவைப்பதற்குள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டாள்.

ராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்த கணவர் ஒரு கரண்டி சூப்பைக் குடித்துவிட்டு, "இன்னிக்கு சூப் பிரமாதம்" என்றார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "உப்பு இல்லையா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

குட்டி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "இல்லம்மா" என்றாள் நேராக. "சுத்தமா இல்ல."